சித்திர வீரர்களின் வலிமையை அளப்பது எப்படி?

ஜப்பானியர் தம் சித்திரக் கதைகளை 'மங்கா' என்பர். அச்சித்திரங்களை அசையவைத்து எடுக்கும் படங்களுக்கு 'அனிமே' என்று பெயர். இன்று இப்படங்கள் ஜப்பானைக் கடந்து உலகெங்கும் பார்க்கப்படுகின்றன. இவற்றில் வரும் வீரர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர். ஒருவன் நிலவிலிருந்து பூமிக்குத் தாவுகிறான். மற்றொருவர் தம் உள்ளங்கைகளிலிருந்து ஒளிக்கற்றையை ஏவி நிலவையே உடைத்தெறிகிறார். படம் பார்த்த பிள்ளைகள் இருவர் சேர்ந்தால் போதும்; "இவர்களில் யார் பலசாலி?" என்ற வாதம் தொடங்கிவிடும்.

இவ்வாதத்தை உரத்த குரலால் தீர்க்க முடியாது. பள்ளியில் படிக்கும் இயற்பியலைக் கொண்டு ஓரளவு தீர்க்கலாம். ஜப்பானில் இதற்கென்றே ஒரு நூல் வகை இருக்கிறது. ரிக்காவோ யானகித்தா என்ற எழுத்தாளர் 1996-ல் வெளியிட்ட நூல் ஒன்று, கதைகளில் வரும் ராட்சதர்களையும் வீரர்களையும் கணக்குக்கு உட்படுத்தியது. 'கற்பனை அறிவியல் வாசகம்' என்பது அதன் பெயரின் பொருள். அந்நூல் ஏராளமாக விற்றது. தொடர்ந்து பல பாகங்களும் வெளிவந்தன.

கற்பனைக்கு எதற்குக் கணக்கு என்று சிலர் கேட்கக்கூடும். நெருங்கிச் சென்று அளக்க முடியாத ஒன்றை, கண்ணால் கண்டதைக் கொண்டே மதிப்பிடுவது விஞ்ஞானிகளுக்கு அடிக்கடி நேரும் வேலை. அந்த வேலைக்குரிய பயிற்சியை இச்சித்திர வீரர்கள் நமக்கு இலவசமாகத் தருகிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

வலிமை என்றால் என்ன?

முதலில் ஒரு கேள்வி. வலிமை என்று எதைச் சொல்கிறோம்?

ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் லாஷா தலகாட்ஸே 2021-ல் 267 கிலோகிராம் பளுவைத் தலைக்குமேல் தூக்கி உலக சாதனை செய்தார். பளு தரையிலிருந்து 2 மீட்டர் உயர்ந்தது என்று கொள்வோம். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் செய்த வேலை கிடைக்கும். 267 × 9.8 × 2 = ஏறத்தாழ 5,200 ஜூல்.

இனி, 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு பாட்டியம்மா படியேறி மூன்றாவது மாடிக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரம் சுமார் 10 மீட்டர். 50 × 9.8 × 10 = 4,900 ஜூல். உலக சாதனையாளர் செய்த வேலையும் பாட்டியம்மா செய்த வேலையும் ஏறக்குறைய ஒன்றே! ஒரே ஒரு வேர்க்கடலைப் பருப்பில் இதைப்போல் இரு மடங்கு ஆற்றல் அடங்கியிருக்கிறது.

ஆனால் பாட்டியம்மாவால் 267 கிலோகிராமைத் தூக்க முடியாது. ஏன்? வீரர் செலுத்திய விசை 2,600 நியூட்டனுக்கு மேல். பாட்டியம்மா செலுத்தியது 490 நியூட்டன். மேலும், வீரர் அவ்வேலையைச் சில வினாடிகளில் முடித்துவிட்டார். பாட்டியம்மாவுக்கு ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். ஒரு வினாடியில் செய்யும் வேலையே திறன் எனப்படும். ஆகவே வலிமை என்ற ஒரு சொல்லுக்குள் விசை, ஆற்றல், திறன் என்று மூன்று வெவ்வேறு அளவுகள் ஒளிந்திருக்கின்றன. இவற்றுள் எதை அளக்கிறோம் என்று முதலிலேயே சொல்லாவிட்டால் வாதம் என்றும் முடியாது.

இலட்சம் குதிரைகள்

ஒரு வீரனுடைய திறன் கதையிலேயே கூறப்பட்டிருக்கிறது. அவன் பெயர் ஆட்டம். ஆங்கிலப் பதிப்பில் 'ஆஸ்ட்ரோ பாய்'. மருத்துவம் படித்துச் சித்திரக்காரரான ஒசாமு டெசுகாவின் படைப்பு அவன். 'டெட்சுவான் ஆட்டம்' என்ற தொடர் 1952-ல் பத்திரிகையில் தொடங்கியது. 1963 ஜனவரி 1 முதல் தொலைக்காட்சியில் வந்தது. 'டெட்சுவான்' என்றால் இரும்புக் கரம். சிறுவனின் உருவம் கொண்ட இந்த இயந்திர மனிதனின் திறன் 1,00,000 குதிரைத் திறன் என்கிறது கதை.

75 கிலோகிராம் பளுவை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவது ஒரு மெட்ரிக் குதிரைத் திறன். எனவே ஆட்டம் 7,500 டன் பளுவை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவான். வாட் கணக்கில் இது ஏறத்தாழ 7 கோடியே 35 இலட்சம் வாட். ஜப்பானின் அதிவேக இரயிலான ஷின்கான்சென்னில் 'என் 700' என்ற வகை உண்டு. பதினாறு பெட்டிகள் கொண்ட அந்த இரயிலின் மோட்டார்கள் அனைத்தும் சேர்ந்து தருவது சுமார் 1 கோடியே 70 இலட்சம் வாட். அத்தகைய நான்கு இரயில்களின் திறன் ஒரு சிறுவனின் உடலில்!

இங்கே நின்றுவிட்டால் பாதிக் கணக்கே முடிந்ததாகும். எந்த இயந்திரமும் தன் ஆற்றல் முழுவதையும் வேலையாக மாற்றுவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. ஆட்டம் மிகச் சிறந்த இயந்திரம் என்றும், அவன் திறனில் பத்தில் ஒரு பங்கு அளவே வெப்பமாகிறது என்றும் கொள்வோம். அப்படியானாலும் வினாடிக்கு 73 இலட்சம் ஜூல் வெப்பம் உண்டாகும். அவ்வெப்பம் வெளியேற அவனுக்கு இருப்பது சுமார் ஒரு சதுர மீட்டர் தோல். வெப்பக் கதிர்வீச்சின் விதியைப் பயன்படுத்தினால், இவ்வளவு வெப்பத்தையும் கதிராக வெளியேற்ற அத்தோல் சுமார் 3,100 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும் என்று விடை வருகிறது. மின்விளக்கின் டங்ஸ்டன் இழைகூட 2,500 டிகிரி அளவில்தான் ஒளிர்கிறது. இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். முழுத் திறனோடு சிறிது நேரம் போரிட்டால் இரும்புக் கரம் உருகி ஓடும்!

வலிமை ஓரிடத்தில் தனியாக இருப்பதில்லை. அது எங்கிருந்து வருகிறது, செலவானபின் எங்கே போகிறது என்ற இரு கேள்விகளையும் கேட்டால்தான் கணக்கு நிறைவு பெறும்.

நிலவிலிருந்து ஒரு தாவல்

அடுத்து, கதையில் எண் எதுவும் சொல்லப்படாத ஒரு காட்சி. 2015-ல் வெளிவந்த 'ஒன் பஞ்ச் மேன்' படத்தொடரின் நாயகன் சைதாமா. எதிரி உதைத்த உதையில் இவன் நிலவில் போய் விழுகிறான். விழுந்தவன் மூச்சை அடக்கிக்கொண்டு, தரையை உதைத்து ஒரே தாவலில் பூமிக்குத் திரும்புகிறான். இத்தாவலுக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்?

அவனுடைய நிறை 70 கிலோகிராம் என்று கொள்வோம். நிலவுக்கும் பூமிக்கும் இடையே சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். வேண்டிய சூத்திரம் ஒன்றே: இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகம் × வேகம்.

வேகத்தை எப்படி அறிவது? நிலவின் ஈர்ப்பிலிருந்து விடுபட வினாடிக்குச் சுமார் 2.4 கிலோமீட்டர் வேகம் தேவை. இதற்கு மிகவும் குறைந்தால் அவன் மீண்டும் நிலவிலேயே விழுவான். ஆனால் இவ்வேகத்தில் புறப்பட்டால் பூமிக்கு வந்து சேர நாட்கணக்கில் ஆகும். அதுவரை எதிரி காத்திருப்பதாகப் படத்தில் தோன்றவில்லை. ஆகவே பயண நேரத்தை நாமே ஊகிக்கவேண்டியிருக்கிறது. சில ஊகங்களையும் அவற்றின் விடைகளையும் கீழே காண்க.

விடுபடும் வேகம் மட்டும்: வினாடிக்கு 2.4 கி.மீ.; ஆற்றல் 2 × 10⁸ ஜூல்; டி.என்.டி. வெடிமருந்து 48 கிலோகிராமுக்குச் சமம்.

பயணம் 1 மணி: வினாடிக்கு 107 கி.மீ.; 4 × 10¹¹ ஜூல்; வெடிமருந்து 95 டன்.

பயணம் 1 நிமிடம்: வினாடிக்கு 6,400 கி.மீ.; 1.4 × 10¹⁵ ஜூல், வெடிமருந்து 3.4 இலட்சம் டன்.

பயணம் 10 வினாடி: வினாடிக்கு 38,400 கி.மீ.; 5.2 × 10¹⁶ ஜூல், வெடிமருந்து 1.2 கோடி டன்.

முதல் விடையைப் பாருங்கள். ஆறு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல்தான் அது! கடைசி விடை பெரியதொரு ஹைட்ரஜன் குண்டுக்கு நிகரானது. இரண்டுக்கும் இடையே 26 கோடி மடங்கு வேறுபாடு. காட்சி ஒன்றே, வீரனும் ஒருவனே. வேறுபட்டது நம்முடைய ஊகம் மட்டுமே.

காரணம் சூத்திரத்திலேயே இருக்கிறது. வேகம் அதில் இருமுறை பெருக்கப்படுகிறது. பயண நேரத்தை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் ஆற்றல் 36 மடங்காகும். தன் அபிமான வீரனை உயர்த்திக்காட்ட விரும்பும் ஒருவர், 'பத்து வினாடி இருக்கும்' என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடங்கலாம். பிறகு அவர் போடும் பெருக்கல்கள் அனைத்தும் சரியாகவே இருக்கும். விடை மட்டும் அவர் விரும்பியபடி வரும். கணக்கில் பிழை தேடுபவர் ஏமாந்து போவார். தேடவேண்டிய இடம் முதல் வரி.

எனவே நேர்மையான விடை ஒற்றை எண்ணாக இராது. 'குறைந்தது 2 × 10⁸ ஜூல். பயணம் ஒரு நிமிடம் என்றால் 1.4 × 10¹⁵ ஜூல்' என்பதே முறையான விடை. முதல் எண்ணைக் காட்சியும் இயற்பியலும் சேர்ந்து தருகின்றன. அதை எவரும் மறுக்க முடியாது. இரண்டாவது எண் ஊகத்தைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. வேண்டாதவர் ஊகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

நிலவு உடைந்த இரவு

அகிரா தொரியாமாவின் 'டிராகன் பால்' 1984 முதல் 1995 வரை பத்திரிகையில் வந்த கதை. 1986-ல் அனிமே ஆயிற்று. கோகு என்ற சிறுவன் முழுநிலவைக் கண்டால் பெருங்குரங்காக மாறிவிடுவான். மற்போர்ப் போட்டி ஒன்றின்போது அவன் அவ்வாறு மாறிவிட, எதிரே நின்ற முதியவர் கமே சென்னின் ஒளிக்கற்றையை ஏவி நிலவையே இல்லாமற் செய்துவிடுகிறார். நிலவு போனதும் சிறுவன் பழைய உருவத்தை அடைகிறான்.

நிலவை உடைக்க வேண்டிய ஆற்றல் எவ்வளவு? பாறையைப் பிளக்கும் ஆற்றல் மட்டும் போதாது. நிலவின் துண்டுகள் ஒன்றையொன்று ஈர்த்து மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அவை என்றும் சேராதபடி பிரிந்து செல்லவேண்டும். ஒரு கோளத்தைத் துகள் துகளாகப் பிரித்து எல்லையற்ற தொலைவுக்கு அனுப்பத் தேவையான ஆற்றலை ஈர்ப்புப் பிணைப்பு ஆற்றல் என்பர். சீரான அடர்த்தியுள்ள கோளத்துக்கு அது, ஐந்தில் மூன்று பங்கு × ஈர்ப்பு மாறிலி × நிறையின் இருமடி ÷ ஆரம். நிலவின் நிறை 7.35 × 10²² கிலோகிராம். ஆரம் 1,737 கிலோமீட்டர். விடை 1.2 × 10²⁹ ஜூல்.

இந்த எண்ணை மனத்தால் பற்றுவது கடினம். சூரியன் ஒவ்வொரு வினாடியும் எல்லாத் திசைகளிலும் வெளியிடும் ஆற்றல் 3.8 × 10²⁶ ஜூல். ஆகவே சூரியனின் ஆற்றல் முழுவதையும் ஐந்தரை நிமிடம் சேமித்து ஒரே திசையில் ஏவினால் நிலவு சிதறும். 1961-ல் சோவியத் நாடு வெடித்த மிகப் பெரிய ஹைட்ரஜன் குண்டு 5 கோடி டன் டி.என்.டி.க்குச் சமம். அத்தகைய குண்டுகள் சுமார் 60,000 கோடி தேவைப்படும்.

முதியவரின் ஆற்றல் பெரிதுதான். ஆனால் நியூட்டனின் மூன்றாவது விதி அவரையும் விடாது. துப்பாக்கி சுட்டால் தோளை உதைக்கிறது அல்லவா? ஒளிக்கும் உந்தம் உண்டு. ஒளியின் ஆற்றலை அதன் வேகத்தால் வகுத்தால் அந்த உந்தம் கிடைக்கும். இங்கே அது 4 × 10²⁰ கிலோகிராம்-மீட்டர்/வினாடி. கற்றை ஐந்து வினாடி நீடித்தது என்றால் முதியவர் மீது செயல்படும் விசை 8 × 10¹⁹ நியூட்டன். அவருடைய இரு பாதங்களின் பரப்பு சுமார் 0.05 சதுர மீட்டர். விசையைப் பரப்பால் வகுத்தால் வரும் அழுத்தம், பூமியின் மையத்தில் நிலவும் அழுத்தத்தைப்போல் 400 கோடி மடங்குக்கும் மேல்! போட்டி அரங்கின் கல்தளம் இதைத் தாங்குமா? பஞ்சில் ஊசி இறங்குவதுபோல் அவர் பூமிக்குள் இறங்கியிருப்பார். படத்திலோ அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

இவ்வாறு ஒரே காட்சியிலிருந்து இரண்டு மதிப்பீடுகள் கிடைக்கின்றன. நிலவைப் பார்த்தால் ஆற்றல் 10²⁹ ஜூலுக்கு மேல். தரையைப் பார்த்தால், கல்தளம் உடையாத அளவுக்கு விசை மிகச் சிறியது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. முரண்பாடு தெரிந்துவிட்டால், அங்கே அளக்கத்தக்க வலிமை இல்லை, சித்திரக்காரரின் கற்பனையே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதில் குறை ஒன்றும் இல்லை. கதை கதைதான். ஆனால் நிலவை மட்டும் பார்த்துவிட்டுத் தரையைப் பாராமல் விடுபவர் கணக்கைப் பாதியில் நிறுத்துகிறார்.

சின்னஞ்சிறு கோள்

இயற்பியல் எப்போதும் பெரிய எண்களையே தரும் என்று எண்ணவேண்டாம். சில வேளைகளில் அது வீரனுக்கு ஓர் உச்ச வரம்பையும் விதிக்கும்.

இதே கதையின் தொடர்ச்சியாக 1989-ல் ஒளிபரப்பாகத் தொடங்கிய பகுதியில், வளர்ந்துவிட்ட கோகு பயிற்சிக்காக ஒரு சின்னஞ்சிறு கோளுக்குப் போகிறான். அதன்மேல் ஒரு வீடும் சில மரங்களும் ஒரு பாதையும் மட்டுமே உள்ளன. அங்கே ஈர்ப்பு பூமியைப்போல் பத்து மடங்கு. துள்ளியோடும் ஒரு குரங்கைப் பிடிக்கவேண்டும் என்பது அவனுக்குத் தரப்பட்ட பயிற்சி.

கோளின் ஆரம் 50 மீட்டர் என்று கொள்வோம். பத்து மடங்கு ஈர்ப்பு வேண்டுமானால் அதன் நிறை 3.7 × 10¹⁵ கிலோகிராம் இருக்கவேண்டும். அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7 × 10⁹ கிலோகிராம். அதாவது, சர்க்கரைக் கட்டி அளவுள்ள ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் நிறை 7 டன்! பூமியில் இப்படிப்பட்ட பொருள் இல்லை. ஆனால் வானில் இருக்கிறது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண் குள்ள விண்மீன்களின் அடர்த்தி இந்த வரிசையில்தான் அமைகிறது. அவற்றின் நிறைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு எனக் காட்டியவர், 1983-ல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அவ்விண்மீன்கள் சூரியனை ஒத்த பெரும் நிறை உடையவை. அந்நிறையின் ஈர்ப்பே அவற்றை அமுக்கிவைத்திருக்கிறது. நம் சிறு கோளின் நிறையோ நிலவில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. தன்னைத்தானே அமுக்கிவைக்க அதற்கு வலு இல்லை. கணத்தில் வெடித்துச் சிதறும்.

அதை மன்னித்துவிட்டு ஓட்டத்தைப் பார்ப்போம். ஒரு கோளின் தரையை ஒட்டியே அதைச் சுற்றிவரும் துணைக்கோளின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தையும் ஆரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும். இங்கே 98 × 50 என்பதன் வர்க்கமூலம் 70. வினாடிக்கு 70 மீட்டர். மணிக்கு 252 கிலோமீட்டர். உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் உலக சாதனை செய்தபோது எட்டிய உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 12 மீட்டர். அதைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் கோகு ஓடினால் அவன் கால்கள் தரையில் படா. கோளைச் சுற்றும் துணைக்கோளாகிவிடுவான்! நான்கரை வினாடிக்கு ஒரு சுற்று. வினாடிக்கு 99 மீட்டர் வேகத்தை எட்டினால் கோளைவிட்டே போய்விடுவான்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. வேகம் கூடக்கூட அவன் எடை குறையும். வினாடிக்கு 50 மீட்டரில் ஓடும்போது தரையை அழுத்தும் எடை பாதியாகிவிடும். பத்து மடங்கு எடையைச் சுமந்து பயிலவேண்டும் என்றால் அவன் ஓடக்கூடாது, மெல்ல நடக்கவேண்டும்.

ஆரம் 50 மீட்டர் என்பதும் ஊகம்தானே என்று வாசகர் கேட்பது சரியே. மாற்றிப் பார்ப்போம். ஆரம் 25 மீட்டரானால் எல்லை வேகம் 50 மீட்டர். 100 மீட்டரானால் 99 மீட்டர். ஊகம் நான்கு மடங்கு மாறியும் விடை இரண்டு மடங்கே மாறுகிறது. சைதாமாவின் தாவலில் ஊகத்தைச் சிறிது தொட்டதும் விடை சரிந்து விழுந்தது. இங்கே விடை உறுதியாக நிற்கிறது. எந்த மதிப்பீட்டை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதற்கு இதுவே உரைகல்.

அக்கோளில் நிற்பதற்கும் வலிமை வேண்டும். அது கைகால்களின் வலிமை அன்று; இதயத்தின் வலிமை. நிற்பவரின் இதயத்துக்கும் மூளைக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர் உயரம். அவ்வளவு உயரத்துக்கு இரத்தத்தை ஏற்றப் பூமியில் 23 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் செலவாகிறது. பத்து மடங்கு ஈர்ப்பில் 230 மில்லிமீட்டர் செலவாகும். நலமுள்ளவரின் இதயம் தருவதோ சுமார் 120. மூளைக்கு இரத்தம் போய்ச் சேராது, நினைவு தப்பிவிடும். போர் விமானிகள் கால்களையும் வயிற்றையும் இறுக்கும் தனி உடை அணிவது இதனால்தான்.

ஒரு புகைப்படத்தின் கணக்கு

இதுவரை செய்தது விளையாட்டு. இதே முறை விளையாட்டல்லாத ஓரிடத்திலும் பயன்பட்டது.

1945 ஜூலை 16 அதிகாலை, அமெரிக்காவின் நியூமெக்சிகோ பாலைநிலத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் நின்ற என்ரிக்கோ ஃபெர்மி, அதிர்ச்சி அலை வந்து சேர்ந்த நேரத்தில் கையிலிருந்த காகிதத் துண்டுகளை நழுவவிட்டார். அவை சுமார் 2.5 மீட்டர் தள்ளிப்போய் விழுந்தன. அதைக்கொண்டு குண்டின் ஆற்றல் 10,000 டன் டி.என்.டி.க்குச் சமம் என்று அவர் மதிப்பிட்டார்.

அவ்வெடிப்பின் புகைப்படங்கள் 1947-ல் வெளியாயின. ஒவ்வொரு படத்திலும் வெடித்த கணத்திலிருந்து கடந்த நேரமும், நீளத்தைக் காட்டும் அளவுகோலும் குறிக்கப்பட்டிருந்தன. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர் அவற்றை எடுத்துக்கொண்டார். தீக்கோளம் விரியும் வேகத்தை முடிவுசெய்வன இரண்டே என்று அவர் கருதினார்: குண்டின் ஆற்றல், சுற்றியுள்ள காற்றின் அடர்த்தி. இவற்றோடு ஆரத்தையும் நேரத்தையும் சேர்த்து ஆற்றலின் அலகு வரும்படி அமைக்க ஒரே வழிதான் உண்டு. அடர்த்தியை ஆரத்தின் ஐந்தாம் அடுக்கால் பெருக்கி, நேரத்தின் இருமடியால் வகுக்கவேண்டும். அலகுகளைத் தாளில் எழுதி மாணவர்களே சரிபார்க்கலாம்.

0.025 வினாடியில் ஆரம் 140 மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.25 கிலோகிராம். கணக்கிட்டால் 1.1 × 10¹⁴ ஜூல், அதாவது சுமார் 25,000 டன் டி.என்.டி. என்று வரும். டெய்லரின் விரிவான கணக்கு, 1950-ல் வெளியான கட்டுரையில், சுமார் 17,000 டன் என்ற விடையைத் தந்தது. இன்று ஏற்கப்படும் மதிப்புகள் 21,000 முதல் 25,000 டன் வரை. குண்டின் அருகே ஒரு கருவியையும் வைக்காமல், படத்தைப் பார்த்தே கண்ட விடை அது!

இங்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆரம் ஐந்துமுறை பெருக்கப்படுகிறது. அதை அளப்பதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடிவிட்டால் விடை நூற்றுக்கு 61 பங்கு கூடிவிடும். ஆகவே டெய்லர் ஒரு படத்தை நம்பி நின்றுவிடவில்லை. பல நேரங்களில் எடுத்த படங்களை அடுக்கி, தாம் ஊகித்த விதிப்படியே தீக்கோளம் விரிகிறதா என்று சோதித்தார். முதல் வரியிலுள்ள ஊகத்தை அவர் முதலில் சோதித்ததால்தான் கடைசி வரியிலுள்ள எண்ணை உலகம் ஏற்றது.

2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின்மேல் விண்கல் ஒன்று வெடித்தபோதும், வாகனங்களில் பொருத்தியிருந்த காமிராக்கள் பதிவுசெய்த படங்களிலிருந்தே அதன் பாதையும் வேகமும் கணிக்கப்பட்டன. வேகம் வினாடிக்குச் சுமார் 19 கிலோமீட்டர். அடுத்த விண்கல் வரும்போது எவ்வளவு சேதம் நேரக்கூடும் என்று முன்னரே எண்ணிப்பார்க்க அக்கணக்கு உதவுகிறது.

நியூமெக்சிகோவில் சோதித்த அதே வகைக் குண்டுதான் 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி நகரின்மீது விழுந்தது. ஆறு ஆண்டுகளுக்குப்பின், 1951-ல், ஒசாமு டெசுகாவின் சித்திரங்களில் அணு என்ற பொருள்படும் ஆட்டம் என்னும் சிறுவன் முதன்முதலாகத் தோன்றினான். அவன் உடலுக்குள் இயங்குவதும் அணு ஆற்றலே. அவன் அதை மனிதரைக் காக்கச் செலவிடுகிறான். கதையில் இலட்சம் குதிரைகள் என்று படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். 20,000 டன் என்ற எண்ணோ ஒரு நகரத்தின் முடிவு. இரண்டையும் அளக்கும் இயற்பியல் ஒன்றே. பெரிய எண்ணைக் கேட்டதும் வியந்து நின்றுவிடாமல், அது எந்த ஊகத்திலிருந்து பிறந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு எங்கும் வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு கணக்கு

1979-ல் ஒளிபரப்பான 'கண்டம்' என்ற அனிமே தொடரில் வரும் போர் இயந்திரம் மனித உருவில் அமைந்தது. அதன் உயரம் 18 மீட்டர். முழுத் தளவாடங்களோடு எடை 60 டன். மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. 1.7 மீட்டர் உயரமும் 65 கிலோகிராம் எடையும் உள்ள ஒருவரை 18 மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கினால் அவர் எடை எவ்வளவு ஆகும்? உயரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் மும்மடி அளவு கன அளவு கூடும் என்பதை நினைவில் வையுங்கள். கிடைத்த எடையை 60 டன்னோடு ஒப்பிடுங்கள். அந்த இயந்திரத்தைக் கடலில் தள்ளினால் அது அமிழுமா, மிதக்குமா?